வெளியே போகாத காற்று

“ம், நடங்கப்பா” என்று சொல்லிக் கையிலிருந்த கடிகாரத்தை அமுக்கிவிட்டாள் இந்தப் பெண், பெனிட்டா என்று சட்டைப்பைக்கு மேலே எழுதியிருக்கிறது, நான் உனக்கு அப்பனா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன், ஒரு வார்த்தைக்குச் செலவாகிற காற்றில் பாதி வராந்தாவைத் தாண்டலாம், இன்றைக்குப் பேச்சு வேண்டாம் நடைதான் வேண்டும், நடக்கிறேன். வராந்தாவின் அந்தக் கோடியில் ஒரு ஆரஞ்சுக் கூம்பு, இந்தக் கோடியில் ஒரு கூம்பு, பைபாஸில் போலீஸ்காரன் வைக்கிற அதே பிளாஸ்டிக் கூம்பு, அந்தக் காலத்தில் லாரி முன்சக்கரத்தில் எத்தனை கூம்பை நசுக்கியிருப்பேன், இப்போது அது நின்ற இடத்தில் நின்றுகொண்டு என்னை வரச்சொல்கிறது, போய் அதைச் சுற்றித் திரும்ப வேண்டும், வந்து இதைச் சுற்றித் திரும்ப வேண்டும், ஆறு நிமிஷம், எவ்வளவு தூரம் போனேன் என்று இவள் குறித்துக்கொள்வாள். நிற்கலாமாம், சுவரில் சாயலாமாம், ஆனால் கடிகாரம் நிற்காதாம். விரலில் ஒரு கிளிப்பை மாட்டிவிட்டிருக்கிறாள், நண்டு கவ்விய மாதிரி இருக்கிறது, பிடுங்கிச் சுவரில் அடிக்கலாம் போல வருகிறது. அந்தக் கோடியில் நாற்காலியில் என் மகள் தாரணி, மடியில் என் துண்டு, காலடியில் என் ஆக்சிஜன் சிலிண்டர், குழந்தையைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டு வாசலில் நிற்கிறவள் முகம். கிளம்புவதற்கு முன்னால் இந்தப் பெனிட்டாவிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தேன், “எவ்வளவு நடந்தா பாஸுன்னு சொல்லிரு கண்ணு.” “பாஸ் ஃபெயிலெல்லாம் இல்லப்பா, உங்களால முடிஞ்ச அளவு நடங்க.” “முடிஞ்ச அளவுன்னா?” “முடிஞ்ச அளவுதான்.” “சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லு, இதுக்கு முன்னால பாஸானவன் எவ்வளவு நடந்தான்?” சிரித்தாள், “அவரும் இதையேதான் கேட்டாருப்பா” என்றாள். சங்ககிரி லாரிப் பேட்டையில் பழைய வண்டி வாங்கி விற்றே தலை நரைத்தவன் நான், நாச்சிமுத்து எதிரே உட்கார்ந்தால் எதிராளி தானாக முதல் விலையைக் கக்கிவிடுவான் என்று பேர், இந்தச் சிறுக்கி கக்கவில்லை, இவளைக் கொண்டுபோய்ப் பேட்டையில் உட்காரவைத்தால் எங்கள் அத்தனை பேரையும் விற்றுவிட்டு வீட்டுக்குப் போவாள். விஷயம் என்னவென்றால் இந்த நடைக்கு மேலேயும் ஒரு கோடு, கீழேயும் ஒரு கோடு. நெஞ்சு டாக்டர் சொல்லிவிட்டார், “ரொம்ப தூரம் நடந்துட்டீங்கன்னா நுரையீரலுக்கு வால்வு இப்பத் தேவையில்லை, நடக்கவே முடியலைன்னா வால்வு வைக்கறதை உங்க உடம்பு தாங்காது, நடுவுல இருக்கணும்.” நடுவில் என்றால் எங்கே ஐயா, சொல்லித் தொலையேன், அதைத்தான் ஒருத்தனும் சொல்லமாட்டேன் என்கிறான்.

வெசையாகப் போகாதே. வெசையாகப் போனால் உள்ளே இழுக்கிற காற்று உள்ளேயே தங்கிவிடுகிறது, அதுதான் எனக்கு வந்திருக்கிற வினை, ஊரெல்லாம் நினைக்கிறான் நாச்சிமுத்துவுக்குக் காற்றுப் போதவில்லை என்று, போதாமல் இல்லையடா, நெஞ்சு முட்டக் காற்று இருக்கிறது, போன வருஷத்துக் காற்று, போன தேர்தல் சமயத்துக் காற்று, வெளியே போகாது, ஒட்டுக்குடித்தனக்காரன் மாதிரி ஒரு மூலையில் படுத்துக்கொண்டு காலி செய்யமாட்டேன் என்கிறது, புதுக்காற்று வாசலில் நின்றுகொண்டு தட்டுகிறது, இடமில்லை. நுரையீரல் ஒரே பை இல்லையாம், மடல் மடலாக இருக்குமாம், எனக்கு இடது பக்கம் கீழ்மடல் சல்லடையாகிப்போய் ஊதிக்கொண்டு பக்கத்து மடலை நசுக்குகிறதாம், படம் போட்டுக் காட்டினார் டாக்டர், கறுப்பாக ஓட்டை ஓட்டையாக, பாழடைந்த ரேடியேட்டர். அறுக்க வேண்டாமாம், தைக்க வேண்டாமாம், மயக்கம் கொடுத்து வாய் வழியாக ஒரு குழாயை விட்டு அந்த மடலுக்குப் போகிற வழியிலெல்லாம் பாக்கு அளவுகூட இல்லாத வால்வை வைத்துவிடுவார்களாம், உள்ளே இருக்கிற காற்று வெளியே வரும், வெளிக்காற்று உள்ளே போகாது, ஒருவழிப் பாதை, கொஞ்சம் கொஞ்சமாக அந்த மடல் சுருங்கிச் செத்துப்போகும், மிச்சம் இருக்கிறது மூச்சு விடும். “அப்ப அதைக் கொல்றீங்க” என்றேன். “அப்படியும் சொல்லலாமுங்க” என்றார் டாக்டர். அந்த நிமிஷம்தான் எனக்கு இந்த வைத்தியத்தின்மேல் நம்பிக்கை வந்தது. மாத்திரை, ஆவி, மூச்சுப்பயிற்சி, மெழுகுவர்த்தியை ஊது, பலூனை ஊது, எல்லாம் கெஞ்சல், இது ஒன்றுதான் அடி. கழுத்தை நெரித்துக் கொல்லுங்கள் அதை, என்னைக் குளியலறையில் முக்காலி போட்டு உட்காரவைத்த சனியனை, நானே என் கையால் கொல்லமுடியாமல் போச்சே என்றுதான் இருக்கிறது. கூம்பு. சுற்று. தாரணி உதட்டைக் குவித்து ஊதிக் காட்டுகிறாள், இப்படி ஊதுங்கப்பா என்று, எனக்குத் தெரியும்டி, திரும்பிவிட்டேன்.

“நல்லா நடக்கறீங்கப்பா” என்கிறாள் பெனிட்டா, ராகம் மாறாமல், எல்லாருக்கும் இதே ராகம்தான் போலிருக்கிறது, லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு பொம்பளைக் குரல் சொல்லுமே அந்த ராகம். நல்லாவா நடக்கிறேன், நல்லா நடக்கக் கூடாதே, போன தடவை நல்லா செய்துதானே நாசமாய்ப் போனது. பேட்டையில் ஒரு பழக்கம், வண்டி பார்க்க ஆள் வருகிறான் என்றால் அவன் வருவதற்கு முன்னாலேயே எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றி வைத்துவிடுவோம், குளிர்ந்த எஞ்சினைத் தட்டினால் இருமும், புகை கக்கும், நோய் தெரிந்துவிடும், சூடேறிய எஞ்சின் முதல் தட்டுக்கே கிளம்பும், வாங்குகிறவன் மனசு அந்த முதல் தட்டில் விழுந்துவிடும். போன தடவை ஊதிக்காட்டுகிற சோதனைக்கு வரச்சொன்னபோது எனக்கு வேறென்ன தோன்றும், நல்ல கண்டிஷனில் இருக்கிற நுரையீரலுக்குத்தான் விலையுயர்ந்த சாமானை மாட்டுவான், ஓட்டை வண்டிக்கு எவன் புது டயர் போடுவான் என்று, ஒரு வாரம் முன்னாலிருந்தே மருந்துக்கடைக்காரனை மிரட்டி அந்தக் குட்டி வெள்ளை மாத்திரையை வாங்கி வாங்கி விழுங்கினேன், ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்து ஆவி மிஷினை வைத்து மூக்கு எரிய எரிய இழுத்தேன், உள்ளே போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து ஊது ஊது என்றதும் செத்தாலும் சரி என்று ஊதினேன், கண்ணில் பூச்சி பறந்தது. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே, இவ்வளவு ஊத முடியுதுன்னா வால்வுக்கு இன்னும் காலம் இருக்குதுங்க, மருந்துலயே பார்ப்போம்” என்றார். எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, தூ, என்ன ஜென்மம், வண்டி விலைபோய்விட்டது என்கிற சந்தோஷம், காருக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் புத்தியில் உறைத்தது, நான் எதை விற்றேன், எவனுக்கு விற்றேன். தாரணி காரை எடுக்கவே இல்லை, ஸ்டியரிங்கில் இரண்டு கையாலும் குத்தினாள், “வேட்டி கட்டறதுக்கு நடுவுல ரெண்டு தடவை உக்காருறீங்க, இவங்ககிட்ட வந்து பயில்வான் வேஷமா? யாருக்குப்பா படங்காட்டறீங்க?” ஓங்கி ஒரு அறை விடக் கை எழுந்தது, பாதியிலேயே மூச்சு அறுந்து கை மடியில் விழுந்தது, அதைப் பார்த்துத்தான் அவள் அழுதாள், அடி வாங்கியிருந்தால் அழுதிருக்க மாட்டாள். பிறகு அவளே போய் டாக்டரிடம் மாத்திரைக் கதையை எடுத்துவிட்டாள், அந்த மனுஷன் என்னைக் கூப்பிட்டு மேஜையைத் தட்டிக் கத்தினார், “ஏனுங்க, எனக்கு வண்டி விக்கறீங்களா?” அவரை எனக்குப் பிடித்துவிட்டது. மாத்திரையெல்லாம் நிறுத்தி உடம்பைக் காயப்போட்டுவிட்டு வாருங்கள், எல்லாச் சோதனையும் முதலிலிருந்து என்றார். ஊதிக்காட்டியது முடிந்தது, படம் எடுத்தது முடிந்தது, மடலுக்கும் மடலுக்கும் நடுவே இருக்கிற சுவர் முழுசாக இருக்கிறதாம், நல்லதாம், சுவர் பொத்தலாக இருந்தால் பக்கத்து மடலிலிருந்து காற்று கசிந்து வந்து வால்வு வைத்தும் வீணாம், கேஸ்கட் போன எஞ்சின் மாதிரி, அதெல்லாம் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். இந்த நடை ஒன்றுதான் பாக்கி. இதிலும் கோட்டை விட்டால் இனி முக்காலியிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து.

நிற்கமாட்டேன். இடது விலாவுக்குக் கீழே குத்துகிறது, குத்தட்டும். அண்ணன் கருப்பண்ணன் இப்படித்தான் குத்துகிறது குத்துகிறது என்பான், லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், கடைசியில் கேபினுக்குள் ஏறக் கால் எடுத்து வைத்தால் படியிலேயே நின்றுவிடுவான், வாய் மீன் மாதிரி. அவன் செத்த அன்றைக்குச் சாவு வீட்டில் எல்லாரும் சொன்னார்கள், எதிரே இருக்கிற கல் கிரஷர் தூசிதான் கொன்றுவிட்டது என்று, பாடை கட்டிக்கொண்டிருக்கும்போதே ஜாக்கி ராடை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன், கிரஷர்காரன் வேலாயுதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், இலையோடு சேர்த்து அடித்தேன், கை எலும்பு முறிந்த சத்தம் இப்போதும் என் உள்ளங்கையில் இருக்கிறது, முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம், அப்படி ஒரு ஆறுதல், எங்கள் அப்பனுக்கும் இதே இழுப்புதான், அவன் செத்தபோது நான் சின்னவன், பஞ்சு மில்தான் காரணம் என்றார்கள், மில் முதலாளியை அடிக்க எனக்கு வயசு பத்தவில்லை, அதற்கும் சேர்த்துத்தான் வேலாயுதத்துக்கு விழுந்தது. எனக்கு வந்ததும், பார்க்கப்போன டாக்டர்களுக்கெல்லாம் முதல் கேள்வி, எத்தனை வருஷமாப் பீடி? பீடியா, வாயில் வைத்ததில்லை ஐயா, கிளீனர் பையனாக வண்டி கழுவிய காலத்தில் டிரைவர்களுக்குப் பற்றவைத்துக் கொடுத்ததோடு சரி, ஒருத்தனும் நம்பவில்லை, ஒரு டாக்டரின் சட்டையைப் பிடித்துவிட்டேன், வாட்ச்மேன் வந்து பிரித்துவிட்டான். இந்த நெஞ்சு டாக்டர்தான் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார், “பீடிக்காரனுக்குப் பெரும்பாலும் மேலிருந்து அரிக்கும், உங்களுக்குக் கீழிருந்து அரிச்சிருக்குது, ரத்தம் பாக்கணும்.” பார்த்தார்கள். பரம்பரையாம். நுரையீரலைக் காவல் காக்கிற ஏதோ ஒரு புரதம் ரத்தத்தில் இருக்க வேண்டுமாம், எனக்கு அது பிறவியிலேயே கிட்டத்தட்ட இல்லையாம், அப்பன் பக்கம் ஒன்று அம்மா பக்கம் ஒன்று இரண்டு பக்கமும் கெட்டது வந்து சேர்ந்தால்தான் இப்படி ஆகுமாம். அப்படியென்றால் வேலாயுதத்தின் கை? அது சும்மா உடைந்ததா? அதுதான் எனக்குத் தாங்கவில்லை, அவன் கை போனதல்ல, என் அடி போனது, அவ்வளவு நல்ல அடி இடம் மாறி விழுந்துவிட்டது, இனி யாரை அடிப்பது, ரத்தத்தை எந்த ராடால் அடிப்பது, அப்பனைத் தோண்டி எடுத்தா அடிப்பது. கூம்பு. சுற்று. நெஞ்சுக்கூட்டுக்குள் பூட்டிய வீட்டில் ஆள் மாட்டிக்கொண்ட மாதிரி கதவை இடிக்கிறது அந்தப் பழைய காற்று, இடி, இடி, இன்னும் கொஞ்ச நாளில் உன்னை நசுக்கி வெளியே துப்ப ஏற்பாடு செய்கிறேன் பார்.

எவன்டா அது வழியில். கையில் எக்ஸ்ரே கவரோடு ஒரு தடியன், நட்ட நடுவே காலை அகட்டி நின்றுகொண்டு போனில் கத்துகிறான், “மாப்பிள்ளை, அந்த எடத்தை நீயே முடிச்சிரு, நான் ஒன்னும் சொல்லலை,” நகர மாட்டான் போலிருக்கிறது, சுற்றிக்கொண்டு போனால் தூரம் வீண், நின்றால் நேரம் வீண், டேய் என்று ஒரு அதட்டு போட்டால் பேட்டையில் நாலு லாரி தள்ளி நிற்கிறவன் திரும்புவான், டேய் என்றேன், பஞ்சரான டியூபிலிருந்து வருகிற சீறல்தான் வந்தது, அந்தச் சீறலைக் கேட்டதும் எனக்கு என்மேலேயே வந்த வெறியில் தோளைக் கொடுத்து அவன் முதுகில் இடித்தேன், கவர் பறந்தது, போன் பறந்தது, அவன் சுவரில் போய் மோதினான். அடா, எத்தனை மாசம் ஆச்சு ஒரு மனுஷன்மேல் இப்படி மோதி, தோள் எலும்பு இனித்தது. “யோவ்! கண்ணு குருடா? கெழட்டு…” என்று அவன் திரும்புகிறான், கையை ஓங்குகிறான், ஓங்கட்டும், வா, வாடா, ஒரே ஒரு மூச்சு கிடைத்தால் போதும் எனக்கு. “சார், இங்க டெஸ்ட் நடக்குது, நகருங்க சார்” என்று பெனிட்டா ஓடி வருகிறாள், அதற்குள் அந்தக் கோடியிலிருந்து என் மகள் எழுந்துவிட்டாள், வருகிறாள், துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு, அப்படியே என் நடை, “யாரைய்யா கெழவங்கறே? வழிய மறிச்சு நின்னுக்கிட்டு நாட்டாமை பேசறியா? போர்டு வெச்சிருக்குதே கண்ணு தெரியலை? உன்ற மாப்பிள்ளைகிட்டப் பேசறதுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவா கெடச்சுது? இன்னொரு வார்த்தை எங்கப்பனைப் பேசினயின்னா அந்த சிலிண்டரைத் தூக்கி உன்ற…” அங்கே நின்றது. தூக்கி உன்ற என்கிற இடத்தில். திட்டு முடியவில்லை, தாரணி திட்டை முடிக்காமல் விட்டு நான் பார்த்ததில்லை, வாய் திறந்தபடி இருக்கிறது, தோள் இரண்டும் காதுப் பக்கமாக ஏறுகிறது, கழுத்தில் அந்த நரம்பு புடைக்கிறது, கையை இடுப்பில் ஊன்றுகிறாள், ஆத்திரத்தில் ஊன்றுகிற மாதிரி, பார்க்கிறவனுக்கு ஆத்திரம் என்றுதான் தெரியும். தடியன் பயந்துபோய் போனைப் பொறுக்கிக்கொண்டு முணுமுணுத்தபடி நகர்ந்துவிட்டான். அவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறாள். வார் நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த வாரைச் சரிசெய்கிற வேலை என் வேலை. இரண்டு வருஷம் ஊருக்கு நான் காட்டிய வித்தை அது, படி ஏறும்போது பாதியில் நின்று போனை எடுத்துப் பார்ப்பது, வராத போனுக்கு ம் ம் என்பது, நடந்துகொண்டே இருக்கும்போது சடக்கென்று நின்று பக்கத்தில் நிற்கிற லாரியின் டயரைக் காலால் தட்டிப் பார்ப்பது, வேட்டியை அவிழ்த்துக் கட்டுவது, ஒருத்தனுக்கும் தெரியாது, எனக்குத் தெரியும், திட்டு அறுந்த இடம் எனக்குத் தெரியும், என் திட்டு முதன்முதலில் அறுந்ததும் அதே மாதிரி ஆளைத் தூக்கி அடிப்பேன் என்று சொல்ல வந்த இடத்தில்தான். இல்லை, ஓடி வந்தாள் அதனால், காலையில் சாப்பிடவில்லை அதனால், சிலிண்டரைச் சுமந்து வந்தாள் அதனால், இந்த அதனால் அதனால் எல்லாம் பஞ்சு மில், இந்த அதனால் எல்லாம் கிரஷர் தூசி. நடக்கிறேன், கால் நடக்கிறது. டாக்டர் போன வருஷமே சொன்னார், ரத்த சொந்தம் எல்லாரும் ரத்தம் குடுத்துப் பார்த்துக்கங்க, மகளுக்கு முதல்ல, ஒரே ஒரு ஊசி, “நீங்க சொந்தத்துலயா கட்டினீங்க?” என்று கேட்டார், அத்தை மகளைத்தான் கட்டினேன் என்றேன், அவர் பேனாவை மூடினார், சொத்து வெளியே போகக் கூடாது என்று கட்டிவைத்தார்கள், உள்ளேயே நின்றது சொத்து மட்டுமா. “எனக்கென்னங்கப்பா, நான் கல்லு மாதிரி இருக்கேன், மூச்சு இளைச்சாப் பார்த்துக்கலாம்” என்றாள் தாரணி, நானும் விட்டுவிட்டேன், ஏன் விட்டேன், வாங்குகிறவன் கேட்காத வரைக்கும் பானெட்டைத் திறக்காதே என்பது பேட்டைச் சட்டம், திறந்தால் உள்ளே இருப்பது விலையில் சேர்ந்துவிடும். இப்போது கண்டால் பாதுகாத்துக்கொள்ளலாமாம், தூசியிலிருந்து, புகையிலிருந்து, கேடு மெதுவாக வருமாம், என்னை மாதிரி மடல் அழுகி வால்வுக்கு வரிசையில் நிற்கிற வரைக்கும் விட வேண்டாமாம். அவள் நாற்காலிக்குத் திரும்பிவிட்டாள், சிரித்துக்கொண்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாள், நடங்க நடங்க, சிரிப்பைப் பார், சூடேற்றிய எஞ்சின், என்னிடமே விற்கிறாள், என்னிடம் கற்றதை. நான் நிற்காமல் போகிற வரைக்கும் இவள் நிற்கமாட்டாள். இவள் பிள்ளைகள் கேட்டால் தாத்தன் மாதிரி கெட்டி உடம்பு என்று சொல்லிக்கொண்டே படியில் வாரைச் சரிசெய்வாள்.

நின்றேன். வராந்தா நடுவில், சுவரும் இல்லாமல் நாற்காலியும் இல்லாமல், முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து, வாயைப் பிளந்து, போகிற வருகிறவனெல்லாம் பார்க்க. வேட்டியைத் தொடவில்லை. “நிக்கலாம்ப்பா, தப்பில்லை, செவுத்துல சாஞ்சுக்கங்க” என்கிறாள் பெனிட்டா, சாயமாட்டேன், தலையை ஆட்டினேன், கையை நீட்டி மகளை வா என்றேன். “அக்கா, நீங்க பக்கத்துல வரக் கூடாதுக்கா.” வந்துவிட்டாள். மணிக்கட்டைப் பிடித்தேன், இந்தப் பிடியை விட்டு எவனும் ஓடியதில்லை, கையைத் திருப்பி முழங்கை மடிப்பை மேலே கொண்டுவந்து இரண்டு விரலால் அடித்தேன், ஊசி போடுகிறவர்கள் நரம்பு தேடி அடிப்பார்களே அந்த அடி, பளிச் பளிச்சென்று. “என்னப்பா பண்றீங்க, வலிக்குது.” அடித்தேன். சிவந்தது. “எல்லாரும் பாக்கறாங்கப்பா.” அடித்தேன். அவள் முகத்திலிருந்து சிரிப்பு இறங்குவதைப் பார்த்தேன், புரிந்துவிட்டது, எப்போதோ புரிந்தவள்தான். “நீங்க நடங்க மொதல்ல, அப்பறம் பேசிக்கலாம்.” அப்புறம் பேசிக்கலாம் என்று சொல்லிப் போனவன் திரும்பி வந்ததாகப் பேட்டையில் சரித்திரமே இல்லை, அசையவில்லை நான். “நேரம் ஓடுதுப்பா” என்கிறது பெனிட்டாவின் குரல். ஓடட்டும். “நடங்கப்பா, தூரம் பத்தாமப் போயிருச்சுன்னா தாங்கமாட்டீங்கன்னு திருப்பி அனுப்பிருவாங்க, வால்வு கெடைக்காது, தெரியுமா இல்லையா உங்களுக்கு?” தெரியும், தெரிந்துதான் நிற்கிறேன், என்னிடம் இருக்கிற கடைசிச் சரக்கு அது ஒன்றுதான், அதைத்தான் தராசில் வைத்திருக்கிறேன், எடு, இல்லை விடு. அவள் கண்ணில் தண்ணீர் முட்டுகிறது, பல்லைக் கடிக்கிறாள், “பாவி மனுஷா,” என்கிறாள், “வீம்பு புடிச்ச பாவி, சரி, ரத்தம் குடுக்கறேன், நாளைக்கு வந்து குடுக்கறேன், போதுமா?” எனக்குள்ளே ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் காற்று இருந்தது, அதைக் கீழேயிருந்து சுரண்டி எடுத்து, “இப்ப” என்றேன்.

கையை உதறிக்கொண்டு போய்விட்டாள். வலது பக்கம் லிஃப்ட், வீட்டுக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கம்தான் போவார்கள். அவள் அந்தக் கோடிக் கூம்பைத் தாண்டி, தன் நாற்காலியைத் தாண்டி, அதற்கும் அப்பால் கதவு திறந்திருக்கிற ரத்தம் எடுக்கிற அறைக்குள் போனாள். யாரையோ நகரச்சொல்லி அதட்டுகிறாள், பாதியில் நிறுத்தி மூச்சு வாங்குகிறாள், இந்தத் தடவை குனியவில்லை. நான் காலை எடுத்து வைக்கிறேன், வைத்துவிட்டேன், இன்னொன்று, நெஞ்சுக்குள்ளே அந்தப் பழைய காற்று குத்துகிறது, உதைக்கிறது, கடிக்கிறது, கடி, விலா எலும்பைப் பிளந்துகொண்டு வருவாயா, வா, கண்ணில் கறுப்புக் கறுப்பாக வருகிறது, கறுப்புக்கு நடுவே அந்தக் கதவு, கதவுக்குள்ளே என் மகளின் கை மேஜைமேல் நீண்டிருக்கிறது, மேலே ரப்பரைக் கட்டுகிறார்கள், அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டாள், சின்ன வயசிலிருந்தே ஊசியைப் பார்க்கமாட்டாள். “நல்லா நடக்கறீங்கப்பா, இன்னும் கொஞ்சம்தான்” என்கிறாள் பெனிட்டா. கூம்பு வந்துவிட்டது. இங்கே திரும்ப வேண்டும். திரும்பினால் அந்தக் கை தெரியாது. ஊசி உள்ளே போகிறதா இல்லையா என்று தெரியாமல் நான் திரும்பமுடியாது. கூம்பை வலது காலால் ஒரு எத்து எத்தினேன், உருண்டது, நடக்கிறேன், நேராக. “அப்பா! அப்பா, கூம்பைத் தாண்டிட்டீங்க! அங்கிட்டு நடக்கறது கணக்குல சேராதுப்பா!”

சேராமல் போகட்டும், கண்ணாடிக் குழாயில் சிவப்பு ஏறுகிறது.